முதலாளி கொடுத்த பாஸ்போர்ட்

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட் அவனவன் கையில் இருக்க வேண்டும். மலேசியாவில் ஜொகூர் நாற்காலித் தொழிற்சாலை முதலாளி தனபாலன் மூன்று வருஷமாக எல்லாவற்றையும் பூட்டியே வைத்திருந்தார். அதிகாரி சோதனைக்கு வருகிற அன்று காலை அவசர அவசரமாகக் கொடுத்தார்.

“எப்பவும் எங்கிட்டதான் இருக்குன்னு ஒவ்வொருத்தனும் சொல்லணும். புரியுதா?”

தொழிலாளி செவத்தியான் தனக்கு வந்ததைத் திறந்து பார்த்தான். மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அதிகாரி கேட்டதும், “எப்பவும் எங்கிட்டதான் இருக்கு சார்” என்று பவ்யமாக நீட்டினான்.

“இது வேற ஆளாச்சே?”

“பக்கத்துல நிக்கிற சூசை சார். மூணு வருஷம் வேலை வாங்கியும் முதலாளிக்கு எங்க மூஞ்சி தெரியல.”

முதலாளிக்கு அபராதம் விழுந்தது.

மறுநாள் தனபாலன் செவத்தியானை முதல்தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தை உற்றுப் பார்த்து, அவனுடைய பாஸ்போர்ட்டையே சரியாகக் கொடுத்தார். உள்ளே ஊருக்குத் திரும்புகிற டிக்கெட் இருந்தது.