நாற்பது அலைக் கடல்

ஒரு கணினிக்குள் இரண்டு கடல்கள் இருந்தன. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும் என்பது இரண்டுக்கும் தெரியும்.

விசைப்படகு ஓட்டப் பழகுகிறவர்களுக்கான மென்பொருள் அது. திரைக்கு முன் உட்கார்ந்து, சுக்கானைத் திருப்பிப் பழகித் தேறியவன், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நிஜக் கடலுக்குப் போவான்.

மூத்தது வரைந்த கடல். பெரிய கணினியொன்று பதினோரு நாள் உழைத்து, அதன் நாற்பது அலைகளையும் நுரை நுரையாக வரைந்து முடித்திருந்தது. இனி வரிசையாக ஓடிக் காட்டினால் போதும். இளையது ஷேடர் கடல்; ஷேடர் என்பது படத்தை அந்தந்த நொடியிலேயே உண்டாக்கும் சிறு நிரல். அதன் கையில் ஓர் அலைகூடக் கிடையாது. காற்று எங்கே, படகு எங்கே என்று பார்த்து, நொடிக்கு நொடி கணக்குப் போட்டு அலையை உண்டாக்கும்.

இளையதைக் கண்டாலே வரைந்த கடலுக்கு ஆகாது. தன்னை அழித்துவிடுவார்கள் என்று பயம்.

மென்பொருளை எழுதிய ஜெனோவா, தூத்துக்குடிப் பயிற்சி நிலையத்தின் பழைய கணினியில் ஷேடர் கடலை முதலில் ஓடவிட்டாள். கணினியின் விசிறி ஊளையிட்டது.

"தாயி, தலை கொதிக்குது. மெதுவா அலை விடு," என்று கணினி கெஞ்சியது.

"என்ன தங்கச்சி, ஒரு அலைக்கே மூச்சு வாங்குது?" என்றது வரைந்த கடல்.

"உனக்கென்னக்கா, சுட்டு வச்ச பணியாரம். நான் இப்பத்தான் மாவே கரைக்கேன்."

பாதி எழுந்த அலை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"இது திக்குது சார்," என்றாள் ஜெனோவா. "வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வரைஞ்சதையே வச்சிருவோம்."

"பாக்கவும் லட்சணமா இருக்கு," என்றார் பயிற்சியாளர் தொம்மை.

அழிவதற்கு முன் ஷேடர் கடல் சொன்னது: "அக்கா, உன்னை ஒருத்தனும் மனப்பாடம் பண்ணிராம பாத்துக்கோ."

பொறாமை என்று வரைந்த கடல் நினைத்துக்கொண்டது.

முதல் ஆளாகச் சூசைமாணிக்கம் பழக வந்தான். அன்று மூன்றாவது அலையிலேயே அவன் படகு கவிழ்ந்தது. மறுநாள் இருபது அலை தாக்குப்பிடித்தான். வரைந்த கடலுக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள், அலை எழும் முன்பே அவன் சுக்கானைத் திருப்பினான்.

அவன் வரிசையை மனப்பாடம் பண்ணிவிட்டான் என்று கடலுக்குப் புரிந்தது. "ஏலே, அலையைப் பாருல. வரிசையைப் பாக்காத," என்று கத்தியது. திரைக்கு வெளியே வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஒன்பதாம் அலையையும் பத்தாம் அலையையும் இடம் மாற்றப் பார்த்தது. ஒரு சொட்டு நுரைகூட நகரவில்லை.

"அண்ணே," என்று கணினியிடம் மன்றாடியது, "ஒரே ஒரு தடவை திக்குங்க. அவன் கை தடுமாறட்டும்."

"உன்னை ஓட்டுறது எனக்குத் தூங்குற மாதிரி, தாயி. எதுக்குத் திக்கணும்?"

தேர்வு நாளில் சூசைமாணிக்கம் கூட்டாளிகளைக் கூப்பிட்டான். "இப்பப் பாருங்கலே," என்று கண்களை இறுக மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்தான். வரைந்த கடல் தன் அலைகளை ஒவ்வொன்றாக அவனுக்குக் கொடுத்தது. வேறு வழியில்லை. நாற்பதையும் தாண்டினான். படகு ஒரு பக்கமும் சாயவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். தொம்மைக்கு முகமெல்லாம் பல்.

"கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுறான்யா. இன்னைக்கே இவன் கையில படகைக் கொடுத்துருங்க."