நத்தை வைத்த நாணல்

"மூக்காயி நல்லவதான். ஆனா ஜெயிக்க மாட்டாளே!" என்றது தவளை குப்பண்ணன்.

"நல்லவன்னும் நீங்களே சொல்றீங்க, ஜெயிக்க மாட்டான்னும் நீங்களே சொல்றீங்க! என்ன அண்ணே பேச்சு இது?" என்றது நீர்க்கோழி தாயம்மா.

நாணல்குளத்தில் விடிந்ததிலிருந்து இதே பேச்சுதான். காட்டுக்குத் தலைவர் தேர்தல் வந்திருந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் மலைப்பக்கத்தார் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். குளத்துப்பக்கத்தார் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் அந்த இரண்டு பேருக்கும் போட்டி. காடே கூடி, அவர்களில் ஒருவரைத் தலைவராக்கும்.

மலைப்பக்கம் முந்திக்கொண்டது. அவர்கள் ஆள் காட்டுப்பன்றி முண்டன். "நான் தலைவனானா, என் கூட்டம் மொத்தமும் நாணல்குளத்துலதான் புரளும்!" என்று அது ஊரறியச் சொல்லிவிட்டது.

அதைக் கேட்டதிலிருந்து தாயம்மா தன் கூட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. கரையோர நாணலுக்குள்தான் அதன் கூடு. கூட்டில் முட்டைகள். பன்றிக் கூட்டம் இறங்கினால் கூடு என்ன ஆகும்? யாராவது முண்டனைத் தோற்கடித்தே ஆகவேண்டும்.

குளத்துப்பக்கம் நின்றவர்கள் இரண்டு பேர். ஒன்று, மயில் சிங்காரம். அதன் தோகையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்னொன்று, அழுங்கு மூக்காயி. உடம்பெல்லாம் செதில், நீண்ட மூக்கு, கரையானும் எறும்பும் தின்று பிழைக்கிற சாதுவான பிராணி. யாராவது உரக்கப் பேசினால் போதும், பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

"மூக்காயியை மறந்துட்டீங்களா அண்ணே? அந்தக் கோடையை மறந்துட்டீங்களா?" என்று கேட்டது தாயம்மா.

அந்தக் கோடையை யார்தான் மறப்பார்கள்! குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொத்தித் தின்ன மீன் இல்லை, நாக்கை நனைக்க ஈரம் இல்லை. மூக்காயிதான் குளத்தின் நடுவில் இறங்கி, நகம் தேயத் தேயத் தோண்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அடியிலிருந்து ஊற்று கிளம்பியது. பனங்கற்கண்டு போட்டதுபோல் தண்ணீர்!

அந்த ஊற்றைச் சுற்றி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்த சாயங்காலங்களைத் தாயம்மா நினைத்துக்கொண்டது. கீரிக்குப் பின்னால் பாம்பு நின்றது. மலையிலிருந்து மான்களும் இறங்கி வந்தன. "குட்டிங்க முதல்ல குடிக்கட்டும்" என்று மூக்காயி சொல்லும். ஒருவரும் மறுப்பு சொன்னதில்லை. தாகம்தான் எல்லாருக்கும். ஆனாலும் என்ன சிரிப்பு, என்ன பாட்டு! குப்பண்ணன்கூட அப்போது சுமாராகப் பாடும். மழை வந்து குளம் நிறைந்தபோது, எல்லாரும் கலைந்து போகிறோமே என்று தாயம்மா அழுதேவிட்டது.

"அது மாதிரி நாள் இனி வருமா அண்ணே?" என்றது தாயம்மா.

"வராது தாயி, வராது. அப்போ பாடின பாட்டு எனக்கும் மறக்கலை. ஆனா இது தேர்தல்! நேத்து மேடையில பார்த்தியா? சிங்காரம் தோகையை விரிச்சு, என்ன போடு போட்டுச்சு! மூக்காயியைப் பேசச் சொன்னாங்க. கொக்கு கைதட்டுன சத்தத்துக்கே சுருண்டு, மேடையிலிருந்து உருண்டு விழுந்தா! இவளையா முண்டன் முன்னாடி நிறுத்துறது?"

"எனக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு…"

"பிடிச்சிருக்கிறது வேற! மத்தவங்க போடுவாங்களா? அதைப் பாரு! உன் ஓட்டை வீணாக்கிட்டு, நாளைக்கு முட்டையைப் பறிகொடுத்துட்டு நிக்காதே!"

முட்டை என்றதும் தாயம்மா கூட்டைப் பார்க்க ஓடியது.

குப்பண்ணன் அங்கிருந்து தாவி ஆமையிடம் போனது. "யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்டது. "சிங்காரம்தான்னு பேசிக்கிறாங்க" என்றது ஆமை. ஆமை கொக்கைக் கேட்டது. கொக்கு மீன்கொத்தியைக் கேட்டது. குளம் முழுக்க, "யார் ஜெயிப்பாங்க? யார் ஜெயிப்பாங்க?" என்ற ஒரே கேள்விதான். "உனக்கு யார் வேணும்?" என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கெட்டிக்காரர்கள் இல்லையா, அதனால்!

ஓட்டு நாள் வந்தது. ஆளுக்கொரு நாணல் தண்டை ஒடித்து வந்து, தமக்கு வேண்டியவர் முன்னால் வைக்கவேண்டும். பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும்!

கொக்கு சிங்காரத்தின் முன்னால் வைத்தது. ஆமையும் வைத்தது. குவியல் வளர்ந்தது. மூக்காயியின் முன்னால் வெறும் தரை.

தாயம்மா தண்டைக் கவ்விக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும் மூக்காயி, "தாயம்மா! முட்டையெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டது.

தாயம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் சிங்காரத்தின் குவியலில் தண்டைப் போட்டுவிட்டு ஓடியது.

கடைசியில், எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் நத்தை வந்துசேர்ந்தது. நேராக மூக்காயியிடம் ஊர்ந்து போய், தன் துண்டு நாணலை வைத்தது.

"அட மண்டு! மூக்காயி ஜெயிக்க மாட்டான்னு உனக்கு யாரும் சொல்லலையா?" என்று கத்தியது குப்பண்ணன்.

"அப்படியா? நீங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நான் கிளம்பிட்டேன். இங்கே வந்து சேர்றதே பெரிய வேலையாப் போச்சு. ஒரு பேச்சும் காதில விழலை. ஊத்துத் தோண்டினவ நிக்கிறான்னு தெரியும். வந்தேன், வச்சேன்" என்றது நத்தை.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மூக்காயி மட்டும் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தன் வளைக்குப் போனது.

அடுத்த வாரம் காடே கூடியது. சிங்காரம் தோகையை விரித்து ஆடியது. ஆடி முடித்ததும் மலைப்பக்கத்து மான் ஒன்று கேட்டது: "அழகுதான் தம்பி! அந்தக் கோடையில நீ எங்கே இருந்தே?"

சிங்காரம் தோகையை மடக்கியது. பக்கத்துக் காட்டுக்குப் பறந்து போயிருந்ததை எப்படிச் சொல்லும்? மலைப்பக்கத்தார் சிரித்தார்கள். "தெரியாத மயிலுக்குத் தெரிஞ்ச பன்றியே தேவலை!" என்று முண்டனுக்கே போட்டார்கள். முண்டன் தலைவனாயிற்று.

கூட்டம் கலையும்போது அந்த மான் தாயம்மாவிடம் வந்தது.

"ஏன் தாயி, மூக்காயியை ஏன் அனுப்பலை? அவளுக்குப் போடத்தானே நாங்க பாதிப்பேர் காத்திருந்தோம்!"

"நீங்களா? மலைப்பக்கத்து ஆளுங்களா?"

"ஏன், எங்களுக்குத் தாகம் எடுக்காதா? அந்தத் தண்ணி ருசி இன்னும் நாக்கிலேயே நிக்குது. அவ வந்து சுருண்டு கிடந்திருந்தாலும் போட்டிருப்போம்!"

தாயம்மா மெதுவாகத் திரும்பியது. "குப்பண்ணே, உங்களுக்கு யாரைப் பிடிச்சிருந்தது?"

"எனக்கா? மூக்காயியைத்தான்!"

"எனக்கும் அவதான்" என்றது ஆமை.

"எனக்கும்…" என்றது கொக்கு, ஒற்றைக்காலில் நின்றபடி.

ஒவ்வொருவராகக் குளத்துக்குத் திரும்பினார்கள்.

மறுநாளே பன்றிக் கூட்டம் குளத்தில் இறங்கியது. நாணல் சாய்ந்தது. தெளிந்த தண்ணீர் சேறானது. தாயம்மா கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பறந்தது. கேட்பார் இல்லை. பொழுது சாய்வதற்குள் கூடு இருந்த இடமே தெரியவில்லை.

தாயம்மா வேறெங்கே போவதென்று தெரியாமல் மூக்காயியின் வளைக்கு நடந்து போனது. வளை வாசலில் அந்தத் துண்டு நாணல் ஊன்றியிருந்தது. ஈர மண்ணில் வேர் பிடித்து, ஒரு துளிரும் விட்டிருந்தது. இப்போது அந்தக் காட்டில் மிச்சமிருந்த நாணல் அது ஒன்றுதான்.

காலடி கேட்டு மூக்காயி வெளியே வந்தது. ஏன் எனக்குப் போடவில்லை என்று கேட்கவில்லை. ஒரு சொல்லாலும் குத்திக் காட்டவில்லை.

"வா தாயம்மா. முட்டையெல்லாம் நல்லா இருக்கா?" என்றுதான் கேட்டது.

தாயம்மா அந்தத் துளிரின் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதது.

பிள்ளைகளே, பெரியவர்களே! யார் ஜெயிப்பார் என்று ஊரைக் கேட்டு ஓட்டுப் போடுகிறவர், தமக்கு வேண்டியவரைத் தம் கையாலேயே தோற்கடிக்கிறார்.