பேஷன்ட்டின் சொந்த வார்த்தையில்

"ஒரு கேஸ் இருக்கு மெஹர். கேக்கிறியா?"

வாசலில் நின்றபடியே கேட்டார் டாக்டர் உலகநாயகி.

மெஹர்நிஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பாடம் எடுத்த மேடம், சொல்லாமல் கொள்ளாமல் காயல்பட்டினத்து வீட்டுக்கு வந்து நின்றால் யாருக்குத்தான் ஓடும்?

"உள்ள வாங்க மேடம். உக்காருங்க."

"உக்கார நேரமில்ல."

உள்ளே வந்தார். ஆனால் வார்டில் ரவுண்ட்ஸ் போகிறவர் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றார்.

இந்த மெஹர் நல்ல சர்ஜனாக வந்திருக்க வேண்டியவள் என்பது உலகநாயகியின் பழைய வருத்தம். அவள் அதை விட்டுவிட்டு, நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். "பேசுறதுக்கு ஒரு வாத்தியாரா?" என்று அப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் கேலி பேசியவர் உலகநாயகிதான்.

இன்றைக்கு அவளைத் தேடித்தான் வரவேண்டியிருந்தது. அதை நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேஸைச் சொல்லுங்க மேடம்."

"பேஷன்ட் ஒரு லேடி டாக்டர். ஐம்பது தாண்டின வயசு. எனக்குத் தெரிஞ்சவங்க. பேச்சுத் தேர்வுல ரெண்டு தடவை ஃபெயில்."

அந்தத் தேர்வில் நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வருவார். அவரிடம் கெட்ட செய்தியைச் சொல்லவேண்டும். மூலையில் தேர்வாளர் உட்கார்ந்து மார்க் போடுவார். அறுவை சிகிச்சையில் மாநிலத்துக்கே பேர் சொல்லும் ஆட்கள்கூட அங்கே போய் மூக்கறுபட்டுத் திரும்பியது உண்டு.

"தேர்வுல என்ன ஆச்சு மேடம்?"

"ஒரு அம்மா உள்ள வந்தா. 'சாதாரணக் கட்டிதானே டாக்டர்?'னு கேட்டா. 'இல்லம்மா, கேன்சர்'னு சொல்லியாச்சு. எந்த ஸ்டேஜ், என்ன ஆபரேஷன், என்ன மருந்து, எல்லாம் சொல்லியாச்சு. ஒரு தப்பு கிடையாது. ஒரு பொய் கிடையாது."

"எக்ஸாமினர் என்ன சொன்னார்?"

உலகநாயகி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'அந்தம்மா இன்னும் உக்காரவே இல்லையே டாக்டர்'னாராம்."

மெஹர் சிரிக்கவில்லை. அதுவே உலகநாயகிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"பேஷன்ட் சொல்ற கம்ப்ளெய்ன்ட் என்ன? அவங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க மேடம்."

உலகநாயகிக்குச் சுருக்கென்றது. இது அவருடைய பாடம். நோயாளி என்ன வார்த்தையில் தன் கஷ்டத்தைச் சொன்னாரோ அதே வார்த்தையில் சொல், உன் மருத்துவ பாஷையை அதில் கலக்காதே என்று மாணவர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவர் அவர்.

"எக்ஸாமினர் சரியில்லங்கிறாங்க."

"சரி மேடம். அடுத்த வாரம் வாங்க."

"அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நான் காது குடுத்துக் கேட்டேன்னு சொல்லுங்க."

*

அடுத்த வாரம் உலகநாயகி ஒரு பட்டியலே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அதே கதவருகில் நின்றார்.

"நேரம் பத்தலங்கிறாங்க. நடிக்க வந்தவளுக்கு நடிக்கத் தெரியலங்கிறாங்க. அந்த அறையில ஃபேன் சத்தம் வேற."

"அவங்க தூங்குறாங்களா மேடம்?"

"யாரு?"

"பேஷன்ட்."

பட்டியலில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"இல்ல," என்றார். பிறகு, "தூக்கம் வர்றதில்லையாம்."

"வீட்டுல சொன்னாங்களா?"

"வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. கான்ஃபரன்ஸுக்குப் போனதா சொல்லியிருக்காங்க."

"இந்தத் தடவையும் போச்சுன்னா என்ன ஆகும்?"

"மூணு தடவைதான். அதுக்கு மேல எழுத விடமாட்டான்." உலகநாயகியின் குரல் வேகமெடுத்தது. "அவங்க ஆஸ்பத்திரியில கேன்சர் வார்டே கிடையாது. ஒவ்வொரு மேசையா ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை போட்டு, இப்பத்தான் ஒரு வார்டு கட்டி முடிச்சிருக்காங்க. இந்தச் சர்டிபிகேட் இல்லாம அதுக்குத் தலைமை கிடையாது. வெளியூர்ல இருந்து எவனோ வந்து உக்காருவான்."

"பாவம்," என்றாள் மெஹர்.

"பாவமா?" உலகநாயகி சீறினார். "அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு? எப்பேர்ப்பட்ட சர்ஜன் தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றாள் மெஹர். "அவங்களைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொன்னா நானும் இப்படித்தான் சண்டைக்குப் போவேன்."

உலகநாயகி செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டார்.

*

அதற்கடுத்த வாரம் அவர் கதவருகில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, கூடத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மெஹர் எதிரே இருந்த ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கேஸ் என்ன மேடம்?"

"கேஸும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. அது நான்தான்."

மெஹர் தலையசைத்தாள்.

"நான் தோத்துட்டேன் மெஹர். ஸ்கூல்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் வேற ஒரு பரீட்சையிலயும் நான் தோத்ததில்ல. பயமா இருக்கு. என்ன தப்பு பண்றேன்னே எனக்குத் தெரியல. நீ சொல்லிக்குடு."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கூரை இடிந்து விழவில்லை. மெஹரின் முகத்தில் ஏளனம் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும் மேடம். கதவைத் திறந்தப்பவே."

"அப்ப அன்னைக்கே முகத்துக்கு நேரா கேட்டிருக்கலாம்ல? 'ஃபெயிலானது நீங்கதானே'ன்னு? இத்தனை வாரம் என்னத்துக்கு வீணாக்கின?"

மெஹர் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இன்னைக்குத்தானே மேடம் உக்கார்ந்தீங்க?"

சாதாரணக் கட்டிதானே என்று கேட்டவளின் முகம் உலகநாயகிக்கு நினைவுக்கு வந்தது. அவள் நடிக்க வந்தவள், போகட்டும். அவளுக்கு முன்னால் நிஜமாகவே அதைக் கேட்டவர்களின் முகங்களும் வந்தன. ஒருவர் பின்னால் ஒருவராக, கையில் மஞ்சள் பையும் ஸ்கேன் கவருமாக, அவருடைய அறை வாசலில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி இருக்கா உங்க வீட்டுல?" என்றார்.

*

மூன்றாவது தடவை. கடைசித் தடவை.

நோயாளியின் கணவராக நடிக்க ஒரு பெரியவர் உள்ளே வந்தார். மனைவிக்கு மூளையில் ரத்தக்கசிவு. இனி நினைவு திரும்பாது, சில மணி நேரம்தான் உயிர் இருக்கும். அதைத்தான் அவரிடம் சொல்லவேண்டும்.

"நாளைக்கு அவளுக்குக் கொஞ்சம் சாளை மீன் குழம்பு கொண்டாரலாமா டாக்டர்? காரம் கம்மியாப் போட்டு?"

விடை உலகநாயகியின் நுனிநாக்கில் தயாராக இருந்தது. அதை அங்கேயே நிறுத்திவைத்தார். நாற்காலியைக் காட்டினார். பெரியவர் உட்காரும்வரை காத்திருந்து, தானும் உட்கார்ந்தார்.

"குழம்பு யாரு வைப்பா ஐயா?"

"நான்தான். வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நல்லா வைப்பீங்களா?"

"எங்க டாக்டர்! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. புளி எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா அவகிட்டத்தான் கேட்டுக் கேட்டு..."

பெரியவரின் பேச்சு நின்றது. எழுதிக் கொடுத்திருந்த வசனம் எது, தானாக வந்தது எது என்று அவருக்கே தெரிந்திருக்காது. உலகநாயகி அவசரப்படவில்லை.

"கேட்டா, அவ சொல்லுவாளா டாக்டர்?"

"சொல்லமாட்டாங்க ஐயா. இனிமே அவங்களால பேச முடியாது. நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டாங்க."

இதிலும் ஒரு பொய் கிடையாது.

பெரியவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். உலகநாயகி அங்கேயே இருந்தார். மணி அடித்த பிறகும் மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை. மூலையில் இருந்த தேர்வாளர்தான் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

*

புதிய வார்டின் திறப்பு விழாவில் டீன் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் லேசில் விடாதவர்.

"டாக்டர் உலகநாயகி அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கும். இந்தப் பேச்சுத் தேர்விலும், எந்தப் பயிற்சியும் இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே வெற்றி பெற்று..."

கைதட்டல் எழுந்தது. மேடையில் உலகநாயகியும் எழுந்தார். டீனின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எடுத்த எடுப்புல இல்ல சார். மூணாவது தடவை."

கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டு தடவை ஃபெயிலானேன். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. முன்வரிசையில இருக்கார், இப்பத்தான் அவருக்கே தெரியுது. அப்புறம் என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணுகிட்ட போய், 'தோத்துட்டேன், சொல்லிக்குடு'ன்னு கேட்டேன். அவ சொல்லிக்குடுத்தா. நான் பாஸ் பண்ணிட்டேன்."

கூட்டத்தின் கடைசி வரிசையை நோக்கி, ரவுண்ட்ஸில் கூப்பிடும் அதே அதட்டலோடு கூப்பிட்டார்.

"மெஹர்! தலையைக் குனிஞ்சுக்காத. எந்திரிச்சு நில்லு. என் டீச்சரை எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்."