பதினோரு முழக் கடிதம்

செங்குளக் கோட்டை வீரகண்ட ராஜாவுக்கு எதன் மீதாவது ஆசை வந்துவிட்டால் ஊருக்கே தூக்கம் போய்விடும். இந்த முறை ஆசை வந்தது ஓர் எழுத்தின் மீது.

அரண்மனை எழுத்தர் கொழுந்தாபரணம் தேர்த் திருவிழாவுக்காகத் துணியில் ஓர் அறிவிப்பு எழுதியிருந்தார். தாழை விழுதை நசுக்கிச் செய்த தூரிகையால் இழுத்த கொழுத்த எழுத்துகள். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, இதோ ஓடப்போகிறேன் என்று நின்றன. அரை வீதி தூரத்திலிருந்தே படிக்கலாம்.

"எழுத்தென்றால் இதுதான் எழுத்து!" துள்ளினார் ராஜா. "இனி அரண்மனையில் எல்லாமே இந்த எழுத்தில்தான்."

"மகாராஜா, இது தூரத்துக்கான எழுத்து. சிறிதாக எழுதினால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். கடிதத்துக்கும் மருந்துச் சீட்டுக்கும் சரிவராது."

"முடியாவிட்டால் வேலையை விட்டுப் போ!"

எழுத்தர் ஓடியது அவைப்புலவர் மயிலேறும்பெருமாளிடம். "இந்த வயதில் நான் எங்கே போவேன், ஐயா?"

மயிலேறுவுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் மீசை துடித்தது. "ராஜா சொன்னபடியே எழுதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாளே வாய்ப்பு வந்தது. ராணியம்மா மூன்று நாளாகக் கோபித்துக்கொண்டு மேலவீதியில் தாய்வீட்டில் இருந்தாள். ராஜா அவளுக்கு ஒரு ரகசியக் கடிதம் சொல்லச் சொல்ல, எழுத்தர் கொழுத்த எழுத்தில் எழுதினார். பதினோரு முழம் துணி பிடித்தது.

"மை காயவில்லை, மடிக்காதீர்கள்!" என்றார் மயிலேறு. இரண்டு சேவகர்கள் அதை விரித்தபடியே வீதியில் தூக்கிப்போனார்கள். அவரும் கூடவே நடந்தார்.

அந்த ஊரில் ஒரு பழைய சட்டம் உண்டு. துணியில் சாய்வெழுத்தைக் கண்டால் முரசுக்காரர் சங்கிலி அதை நாலு வீதியிலும் படித்தே ஆகவேண்டும். சங்கிலி கண்டார். முரசை எடுத்தார்.

"டம் டம்! சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்... என் தங்கமே! விருந்தாளிகள் முன்னால் உன் குழம்பைக் கேலி செய்தது என் தப்புதான். நீ இல்லாமல் முதுகு சொறியக்கூட ஆளில்லை. காலைப் பிடிக்கிறேன், வந்துவிடு. டம் டம்!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜா எழுத்தர், புலவர், முரசுக்காரர் மூவரையும் சபைக்கு இழுத்துவரச் சொன்னார்.

"யாரைக் கேட்டுப் படித்தாய்?"

"தங்கள் தாத்தா போட்ட சட்டம், மகாராஜா," என்றார் சங்கிலி.

மயிலேறு பணிவாகக் குனிந்தார். "அது ஊரைக் கூப்பிடும் எழுத்து, மகாராஜா. எதை எழுதினாலும் ஊர் கூடிவிடும். இப்போது வைத்தியர் தங்கள் மூலவியாதிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்..."

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "ஐயோ, நிறுத்தச் சொல்! பழைய பொடி எழுத்திலேயே எழுதட்டும்! கொழுந்தாபரணம், உம் வேலை உமக்குத்தான்!"

எழுத்தருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து ராணியம்மா உள்ளே நுழைந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காதோடு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள்! ஒன்றையாவது நம்பினேனா? நாலு வீதியும் கேட்டதும் நம்பிவிட்டேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் கைக்காப்பைக் கழற்றி மயிலேறுவுக்குப் போட்டார். "சரி, புலவரே, அந்தச் சாய்வெழுத்தை இனி எதற்குத்தான் வைத்துக்கொள்வது?"

மயிலேறு வாயைத் திறப்பதற்குள் ராணி முந்திக்கொண்டாள்.

"தேர்த் திருவிழாவுக்கு. அப்புறம், இவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு. எழுத்தரே, துணி எப்போதும் தயாராக இருக்கட்டும்!"