மோதிரத்துக்கும் ஒரு டேப்

காரின் பின்பக்க இறக்கை, அதுதான் ஸ்பாய்லர், பிய்ந்து விழுந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு அதில் வாழைக்கன்று கட்டி ஊரைச் சுற்றியவர் மில் முதலாளி மாணிக்கவேலு. பழி யார்மேல்? டிரைவர்மேல்தான்.

டிரைவருக்கு ஊரில் மகள் பிறந்து இரண்டு மாதம். முகத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறான். லீவு கேட்டு நின்றான்.

“முதல்ல இதை ஒட்டுடா. ஏற்கெனவே பெயிண்ட்ல ஒரு கீறல் போட்டு வச்சிருக்கே. இன்னொண்ணு விழுந்துச்சு, லீவையே மறந்துடு!”

டிரைவர் ஒட்டும் இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் தெரியாதபடி டேப் ஒட்டினான்.

“ஐயா, மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும். கீறல் விழுந்தா வம்புன்னு எவனும் கிட்ட வரமாட்டேங்கிறான்.”

“நானே பிடிக்கிறேன், தள்ளு!”

நீட்டிய கையைப் பிடித்து, மோதிரத்தின் மேலும் டேப்பைச் சுற்றினான்.

“என்னடா இது?”

“முதல் கீறலைப் போட்டது இதுதானுங்களே ஐயா. நீங்க வாழைக்கன்னு கட்டுறப்ப எல்லாரும் பார்த்தோமே.”

மில்லே சிரித்தது. பசை இறுகும்வரை முதலாளி பிடித்துக்கொண்டு நின்றார். டேப்பை உரித்தால், புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை.

“போடா. போய்ப் பிள்ளையைப் பாரு.”

பஸ்ஸில் வழியெல்லாம் வெறுங்கைகளைப் பிள்ளை ஏந்துவதுபோல் மடியில் சேர்த்து வைத்தபடியே போனான், ஸ்பாய்லரை ஒட்டிய டிரைவர் இருளாண்டி.