இடது பக்கத்து பிரேக்

கோயம்புத்தூரில் கார் ஓட்டச் சொல்லித் தருபவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெசிந்தாவையும் அப்படித்தான். வயது முப்பத்தாறு. பதினோரு வருஷமாக இடது பக்கம் உட்கார்ந்தபடியே பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

அவருடைய சீடர்களில் வயதில் பெரியவர் நாச்சிமுத்து. மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் வந்து சேர்ந்து, கிளட்சோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக லைசென்ஸ் வாங்கி இருபது நாள் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையில் நோட்டுடன் வந்து நின்றார்.

"மாஸ்டர், ரெண்டு கார் பாத்து வச்சிருக்கறனுங்க. ரெண்டும் சின்னது. ரெண்டும் சும்மா பறக்கும்ங்கறாங்க. எதை எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"யாருக்குங்கண்ணா கார்?"

"எனக்குத்தானுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பூங்கொடிக்குங்க."

பூங்கொடி அவர் மனைவி. பிறந்த வீடு வால்பாறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாச்சிமுத்து ஓட்டிய பைக் ஒரு வளைவில் சறுக்கியது. அவருக்குச் சிராய்ப்பு, பின்னால் இருந்த மனைவிக்கு மணிக்கட்டு முறிவு. கட்டுப் பிரித்த மறுவாரம் அந்தம்மா தனியாக பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போனார். அதிலிருந்து எங்கே போனாலும் பஸ்தான். கணவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று நாச்சிமுத்துவுக்கு இருந்தது.

நல்ல காராக ஒன்று எடுத்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வால்பாறையில் மாமியார் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"வாங்கறது வாங்குங்க, ஏறுவனான்னு மட்டும் கேக்காதீங்கங்கறா."

"அதுக்கு எதுக்குங்கண்ணா பறக்கற கார்?"

"வளைவுல ரோட்டைக் கவ்விப் புடிக்குமாமுங்க. ஒருக்கா ஏறி உக்காந்து பாத்தான்னா பயம் போயிருமல்லோ?"

ஜெசிந்தா அன்றைய வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு அவரோடு கிளம்பினார்.

ஷோரூமில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விற்பனையாளர் ரிஸ்வான் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவர் தோளும் ஜெசிந்தாவின் தோளும் இடித்தன.

"உள்ள கொஞ்சம் நெருக்கம்தான் சார். ஸ்போர்ட்டி கார்னா அப்படித்தான்" என்றார் ரிஸ்வான்.

நாச்சிமுத்து நோட்டைத் திறந்து, குறைகள் என்று கோடு போட்டிருந்த பக்கத்தில் 'நெருக்கம்' என்று எழுதினார்.

முதலில் சிவப்பு. ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்ததுமே வண்டி துள்ளிக்கொண்டு போனது. பாலத்தடியில் இருந்த வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கார் கோடு போட்டதுபோல் திரும்பியது. நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். பட்டறைக்காரர்கள் பார்த்திருந்தால் முதலாளிதானா என்று கேட்டிருப்பார்கள்.

அடுத்தது நீலம். அதே சாலை, அதே வளைவு. இதில் கியர் கைக்கு வாகாக விழுந்தது. முன்னால் போன பஸ்ஸை ஒட்டிப்போய், ஒடித்து, முந்தினார். ரிஸ்வான் குதிரைத்திறன் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஜெசிந்தா இரண்டு காரிலும் சாலையை மட்டுமே பார்த்தபடி வந்தார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் நாச்சிமுத்து நோட்டைப் பிரித்தார்.

"சிவப்புல இழுவை சாஸ்திங்க. நீலத்துல கியர் அருமை. இப்பச் சொல்லுங்க மாஸ்டர், எது?"

ஜெசிந்தா இறங்கினார். தான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை விரியத் திறந்து வைத்தார்.

"கீழ பாருங்கண்ணா."

கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த மேட் முன்னால் தள்ளப்பட்டு மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடந்தது.

"இது எப்படிங்க ஆச்சு?"

"என் கால்தானுங்க. நம்ம ஸ்கூல் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்குதல்லங்க? பதினோரு வருசப் பழக்கம். இங்க இல்லைன்னு அதுக்குத் தெரியல. மிதிச்சுட்டே வந்துச்சு."

"எத்தனவாட்டி மிதிச்சீங்க?"

"பதினாலு."

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தார். "அப்ப சிவப்புல எத்தனைங்க?"

"அதுலயும் பதினாலுதானுங்க."

நாச்சிமுத்து சிவப்புக் காரின் இடது கதவைப் போய்த் திறந்து பார்த்தார். அங்கேயும் மேட் அப்படித்தான் சுருண்டிருந்தது. நோட்டை மூடினார். எந்தப் பக்கத்தில் இதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாஸ்டருக்கே பயமாங்க?"

"சாவியைக் குடுங்க. நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

நீலக் காரை ஜெசிந்தா எடுத்தார். அதே சாலை. நாச்சிமுத்து ஓட்டிய வேகத்துக்கு மேல் ஒரு முள்ளளவும் போகவில்லை. பாலத்தடி வளைவு வந்ததும் நாச்சிமுத்துவின் வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தியது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பஸ்ஸை ஒட்டிப்போனபோது இரண்டு காலும் அழுத்தின. கை எதையாவது பிடிக்கத் தேடி, கடைசியில் ஜெசிந்தாவின் தோள் பக்கம் போய், சட்டென்று திரும்பி வந்தது.

"மாஸ்டர், நிறுத்துங்க."

ஜெசிந்தா புங்க மரத்தடியில் ஓரங்கட்டினார். பின் சீட்டில் இருந்த ரிஸ்வான், போன் வந்ததுபோல் இறங்கிக் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார்.

நாச்சிமுத்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைக்குல போறப்ப அவ என் தோளைப் புடிச்சுட்டுதான் உக்காருவா. வளைவு வந்தா விரலெல்லாம் அழுந்தும்ங்க. இருபத்தஞ்சு வருசமா."

ஜெசிந்தா இன்ஜினை அணைத்தார்.

"நான் அதை ஆசைன்னு நெனச்சுட்டனுங்க. அழுத்தறாளேன்னு இன்னும் கொஞ்சம் முறுக்குவேன்."

அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"விழுந்த அன்னைக்கும் அழுத்துனாளுங்க. நல்லாவே அழுத்துனா."

"அண்ணிக்கு பிரேக் அங்கதானுங்கண்ணா இருந்துச்சு."

நாச்சிமுத்து மடியில் இருந்த நோட்டைத் திறந்து, குறைகள் என்று எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாஸ்டர், அவ இந்த சீட்டுல உக்காந்தா, கை என் தோளுக்கு எட்டுமாங்க?"

ஜெசிந்தா கீழே இறங்கி, ஓட்டுநர் பக்கத்துக் கதவை அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டும் சின்னக் காருதானுங்கண்ணா. எட்டும்."