ராஜாவின் விரல் செய்த குற்றம்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜா கையில் செங்கோலும் இருந்தது, ஸ்மார்ட்போனும் இருந்தது. அப்படி ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கொன்றையூர் ராஜா செம்பியவேலருக்குக் கொஞ்ச நாளாக ஒரே வயிற்றெரிச்சல். படுக்கையறையில் அவர் என்ன பேசினாலும் பக்கத்து நாட்டு ராஜா காடவரையனுக்குத் தெரிந்துவிடுகிறது. "அந்த வெள்ளைக் குதிரையை வாங்கலாமா?" என்று ராணியிடம் கேட்டார். மறுநாள் குதிரை காடவரையன் லாயத்தில்! ராணி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள். மறுநாளே காடவரையனிடமிருந்து ஆறுதல் சொல்ல ஒரு தூதுவன் வந்துவிட்டான். மானம் போகுமா, போகாதா?

ராஜாவுக்கு ஒரே ஆள்மேல்தான் சந்தேகம். படுக்கையறை வாசலில் காவல் நிற்கும் மாசாணம்.

"இவன்தான் ஒற்றனை உள்ளே விடுகிறான்!" என்று சபையில் கர்ஜித்தார். "ஒற்றனை என் அறைக்குள் விட்டவனை நாளைக்கே நாடு கடத்துங்கள்!"

மாசாணம் அழுதேவிட்டான். "உங்க மாமனாரையே விசாரிக்காம உள்ளே விட்டதில்லையே மகாராஜா! அடுத்த வாரம் என் பொண்ணுக்குக் கல்யாணம். நான் இல்லாம யாரு தாரை வார்த்துக் கொடுப்பா?"

உய்யவந்தான் எழுந்தான். சபையில் வாயும் மூளையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

"ஒரே ஒரு நாள் கொடுங்க மகாராஜா. அதுவரைக்கும் இவனைச் சிறையில போட்டு, சாவியை உங்க இடுப்புலயே செருகிக்கோங்க."

அப்படியே செய்தார்கள். பிறகு ராஜாவும் உய்யவந்தானும் படுக்கையறைக்குப் போனார்கள். உள்ளே ஈ காக்கை இல்லை. ராஜா கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினார். போனில் 'பளிச்' என்ற விளக்கு ஆப்பைத் தட்டி, வெளிச்சம் காட்டி, செருப்பை எடுத்து, விளக்கை அணைத்தார். அணைத்த பிறகும் போன் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

உய்யவந்தான் அதைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, ராஜாவைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதோடு ஏதோ சொன்னான்.

ராஜா திரும்பி வந்து தலையணையில் சாய்ந்தார். யாருமே இல்லாத அறையில், "எல்லையில இருக்கிற வேலிக்காத்தான் காட்டுக்கு நடுவுல புதையல் இருக்கு. நாளைக்கு மத்தியானம் போய்த் தோண்டணும். யாருக்கும் தெரியக் கூடாது!" என்றார்.

மறுநாள் காலையிலேயே இருவரும் எல்லைக்குப் போனார்கள். அடடா, அந்தக் காட்சியை என்ன சொல்ல! காடவரையன் தன் கையாலேயே மண்வெட்டி பிடித்துத் தோண்டிக்கொண்டிருந்தான். கிரீடம் ஒரு முள்ளில், வேட்டியில் பாதி இன்னொரு முள்ளில். மீதி வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே!

"மாசாணம் சிறையில. சாவி என் இடுப்புல. பின்னே சொன்னது யாரு?" என்று விழித்தார் ராஜா.

சபைக்குத் திரும்பியதும் உய்யவந்தான் போனை வாங்கி, அமைப்புகளைத் திறந்து, 'பளிச்' ஆப்புக்குக் கொடுத்திருந்த அனுமதிகளைக் காட்டினான். மைக், இருப்பிடம், புகைப்படங்கள், தொடர்பு எண்கள்.

"காடவரையன் ஆளுங்க செஞ்சு, இலவசம்னு விட்ட ஆப் இது. விளக்கை அணைச்ச பிறகும் ஒரு பச்சைப் புள்ளி எரிஞ்சுதே, அது மைக் கேட்டுக்கிட்டு இருக்குங்கிறதுக்கு அடையாளம். வெளிச்சம் காட்ட வந்தவனுக்கு நாம பேசுறதைக் கேட்க என்ன வேலை மகாராஜா? உங்க மாமனார் நம்பர் எதுக்கு?"

ராஜா போனைத் தூக்கித் தூணில் அடிக்கப் போனார். உய்யவந்தான் பாய்ந்து பிடித்தான். "ஐயோ, போன் பாவம், அது என்ன பண்ணும்! விளக்கு போன்லயே இருக்கு. இந்த ஆப்பைத் தூக்கிட்டாப் போச்சு." தூக்கினான். மற்ற ஆப்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அதனதன் வேலைக்குத் தேவையில்லாத அனுமதியை எல்லாம் மறுத்தான்.

மாசாணம் விடுதலையானான். ஆனால் ராஜாவின் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"ஒற்றனை உள்ளே விட்டவனை நாடு கடத்துறேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்! யார் அவன்?"

உய்யவந்தான் தலையைச் சொறிந்தான். "ஒற்றன் திருட்டுத்தனமா நுழையலை மகாராஜா. வாசல்லயே நின்னு, 'பேச்சைக் கேட்கலாமா? இருக்கிற இடத்தைப் பார்க்கலாமா?'ன்னு ஒவ்வொண்ணா அனுமதி கேட்டிருக்கான். ஒரு விரல்தான், படிச்சுக்கூடப் பார்க்காம, 'சரி, சரி'ன்னு அமுக்கியிருக்கு."

ராஜா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். மெல்லக் கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஓய்... ராஜாவையே நாடு கடத்தினா நாட்டை யார் ஆளுறது?"

"ராஜா எதுக்குப் போகணும்? குத்தம் செஞ்சது விரல்தானே. அதுவும் பாவம், இங்கேயே இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே அது எதை அமுக்கறதா இருந்தாலும், முதல்ல மாசாணத்துகிட்ட அனுமதி வாங்கிட்டு அமுக்கட்டும்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி உய்யவந்தானுக்குப் போட்டார். மாசாணத்தின் மகள் கல்யாணம் அரண்மனைச் செலவிலேயே ஜாம் ஜாமென்று நடந்தது.